நாய் நாட்களில் நாய் எங்கே? – இங்கிலீஷ் வாத்தியாரிடம் கேள்வி பதில்

கீழக்கரை, கல்லூரி மாணவி: சார், 'டாக் டேஸ்' என்றால் நாய்க்கு வெறி பிடிக்கும் காலமா?

இல்லைம்மா, இந்த நாய் வானத்தில் இருக்கிறது. சிரியஸ் பெருநாய் விண்மீன் கூட்டத்து நட்சத்திரம். இரவு வானில் அதைவிடப் பளிச்சென்று வேறு நட்சத்திரம் கிடையாது. பழைய கிரேக்கத்தில் நடுக்கோடையில், விடிவதற்குச் சற்று முன் அது கிழக்கே தலைகாட்டும். சூரியனோடு சேர்ந்து அதுவும் சுடுகிறது என்று நம்பினார்கள். இங்கிலீஷ் பஞ்சாங்கங்களில் ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 11 வரை அந்தக் கணக்கு. புழுக்கத்தில் எல்லாம் சோர்ந்து கிடப்பதால், வியாபாரம் படுத்துப்போன காலத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மார்கழிக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்குப் பாம்பன் கரையில் நின்று பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால் சிரியஸ்.

மண்டபம், விசைப்படகுக்காரர்: அண்ணே, ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் எங்களுக்கு டாக் டேஸ்தானே?

பிரமாதம்! படகு கட்டிக் கிடக்கிறது, வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதேதான். நாட்டுப்படகுக்காரரிடம் மட்டும் சொல்லாதீர்கள், அவருக்கு மீன் விலை ஏறும் நேரம்.

தொண்டி: 'நாய் நாட்கள்' என்றே எழுதலாமா?

கூடாது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். 'மந்தமான காலம்' போதும்.

ராமேஸ்வரம்: ஐயா, நம்ம அக்னி நட்சத்திரம் மாதிரிதானே? 'கத்திரி' என்று போடலாமே?

உறவு உண்டு, ஒன்றல்ல. கத்திரி சித்திரை 21-ஐ ஒட்டித் தொடங்கி வைகாசி நடுவில் முடியும். சூரியன் கார்த்திகையைக் கடக்கும் கணக்கு அது. கிரேக்கர்களும் நட்சத்திரத்தின் மேல்தான் பழி போட்டார்கள். ஆனால் கத்திரிக்கு மந்தம் என்ற பொருள் இல்லையே.

ஏர்வாடி: அந்த நாட்களில் நாய் கடித்தால் ஆபத்து அதிகமா?

மேலே படியுங்கள் தம்பி. எந்த நாளில் கடித்தாலும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ராமேஸ்வரம் (மறுபடியும்): நட்சத்திரத்துக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லையா? எங்கள் பாட்டி சொன்னது பொய்யா?

பாட்டி தேதியைச் சரியாகத்தான் சொன்னார், காரணம்தான் வேறு. சித்திரை பிறக்கும்போது நம் ஊரில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும், நண்பகலில் கம்பு நட்டால் நிழலே இராது. அதன்பிறகும் தரை காய்ந்துகொண்டே இருக்கும், கத்திரியில் கொதிக்கும். நட்சத்திரம் வெறும் நாள்காட்டி. மறுக்கிறவர்கள் அடுத்த சித்திரையில் கம்போடு வாருங்கள்.

சாயல்குடி: சார், டாக் டேஸ் என்றால் என்ன?

முதல் பதில்.