முழங்கால் தண்ணீர் போதும்

தூண்டில் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த சிட்னிக் கோடையில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைட்டிங், பிளாட்ஹெட் மீன்கள் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க அவை மேயும் மணல் திட்டு பற்றித்தான். கிங்ஃபிஷ் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, பொங்கலுக்கு முன்னால் லூர் (செயற்கை இரை) செட் ஒன்று வாங்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வோய் வோய் பக்கம் போய், மணல் திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, முடிந்த மட்டும் தூரமாக வீசினேன். ஒரு மீன் இல்லை. சாஃப்ட் பிளாஸ்டிக் லூரின் வாலை மட்டும் எதுவோ கத்தரித்துக்கொண்டு போகிறது. எங்கே தப்பு?
— வாசகர், பெண்டில் ஹில்

வாலைக் கத்தரித்தது பேத்தை மீன். வெட்டு அரை வட்டமாக, பிளேடால் அறுத்த மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். அங்கே நிற்காமல் முப்பது நாற்பது அடி தள்ளிப் போய்விடுங்கள். பேத்தைக்கு பிளாஸ்டிக் வாங்கிப் போட்டு மாளாது.

மற்றபடி தப்பு உங்கள் காலில் இருக்கிறது, கையில் இல்லை. என் முதல் கோடையும் இப்படித்தான் போனது. எட்டாலாங் பக்கம் இடுப்பு வரை இறங்கி நாலு மணி நேரம் வீசினேன். தோள்பட்டை விட்டுப்போய், சரி கிளம்பலாம் என்று திரும்பி நடந்தபோதுதான் பார்த்தேன். நான் உள்ளே போன தடத்தில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் தண்ணீரில், ஏழெட்டு வைட்டிங் மூக்கை மணலில் குத்திக் குத்தி மேய்ந்துகொண்டிருந்தன. என் கால் கிளறிவிட்டதில் வெளியே வந்த புழுவையும், யாபி என்கிற வளை இறாலையும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. அதாவது, மீன் நிற்கும் இடத்தை மிதித்துத் தாண்டிப்போய், மீன் இல்லாத இடத்தில் நாலு மணி நேரம் உழைத்திருக்கிறேன்.

வைட்டிங் நம் கிழங்கான் குடும்பம்தான். அதே நீள மூக்கு, அதே சின்ன வாய். தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது திட்டைப் பாருங்கள்: பென்சில் நுழைகிற அளவு ஓட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை யாபியின் வளைகள். நீல உருண்டை உடம்போடு பட்டாளம் பட்டாளமாக நடந்துபோகும் சோல்ஜர் நண்டும் அங்கேதான் இருக்கும். இத்தனை சாப்பாடும் வெறும் மணலுக்கு அடியில் கிடக்கிறது, மீனால் தொட முடியாது. தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் வைட்டிங் அந்த முதல் விளிம்போடு சேர்ந்தே உள்ளே வரும். முழங்கால் ஆழம், பல சமயம் அதற்கும் கீழே.

ஆகவே முதல் பத்து வீச்சை ஈர மணலில் நின்றபடியே வீசுங்கள். நேராகக் கடலைப் பார்த்து மட்டும் வீசாமல், கரையை ஒட்டி இரண்டு பக்கமும் சாய்த்து வீசுங்கள். அதற்குப் பிறகு இறங்கினாலும் முழங்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற ஏற நீங்கள் பின்னால் வரவேண்டும்.

நேரம் பார்ப்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஏற்ற வற்ற அட்டவணையில் போட்டிருப்பது பெரும்பாலும் சிட்னி துறைமுகத்து ஃபோர்ட் டெனிசன் நேரம். வோய் வோய் இருக்கும் பிரிஸ்பேன் வாட்டர் மாதிரி உள்ளொடுங்கிய இடத்துக்குத் தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும். (பெயரில் பிரிஸ்பேன் இருக்கிறதே என்று வடக்கே வண்டியை விட்டுவிடாதீர்கள். சிட்னிக்கும் நியூகாசிலுக்கும் நடுவில் இருக்கிறது. வோய் வோய் என்கிற ஊர்ப் பெயரும் யாரையோ கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும்.) எவ்வளவு தாமதம் என்பது இடத்துக்கு இடம் மாறும். நான் போனதும் ஒரு குச்சியை நீர் விளிம்பில் நட்டுவிடுவேன். கால் மணி நேரத்தில் அதுவே சொல்லிவிடும். அடுத்த நாள் போவதென்றால் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாப்பரின் (தண்ணீர் மேல் தத்தி வரும் லூர்) பின்னால் வைட்டிங் மூன்று நான்காகத் துரத்தி வருகின்றன. கடிக்கட்டும் என்று நிறுத்தினால் திரும்பிப் போய்விடுகின்றன. கடித்த ஒன்றிரண்டும் கழன்றுவிட்டன.
— வாசகர், பிளாக்டவுன்

நிறுத்தினீர்கள் இல்லையா, அதுதான். பிரீம் மீனுக்கு நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். வைட்டிங் வேறு. பாப்பர் அதன் கண்ணுக்கு, உயிர் பிழைக்கத் தண்ணீர் மேல் தத்தித் தத்தி ஓடும் இறால். ஓடுகிற இறால் திடீரென்று நின்று திரும்பிப் பார்க்குமா?

தூண்டிலின் நுனியைத் தாழ்த்தி, மணிக்கட்டால் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே ரீலைச் சுற்றுங்கள். லூரின் பின்னால் தண்ணீர் அம்பு முனை போல விரிந்து வரும். முதலில் ஒரு அம்பு, அப்புறம் இரண்டு. ஒன்று வந்து இடித்துவிட்டுப் போகும், இன்னொன்று வாலைத் தட்டும். அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், கை தானாக நிற்கப் பார்க்கும். வெட்டி இழுக்கவும் தோன்றும். இரண்டையும் செய்யாதீர்கள். அதே வேகம், முடிந்தால் ஒரு சொட்டு கூடுதல் வேகம். மீன் மாட்டினால் கம்பு தானாக வளையும். எனக்கு இது பழக இரண்டு கோடை ஆனது. இப்போதும் முதல் மீனுக்கு ஒரு தடவையாவது கை நின்றுவிடுகிறது.

கழல்வதற்குக் காரணம் கொக்கி. இவ்வளவு சின்ன வாய்க்குப் பெட்டியில் வரும் மும்முனைக் கொக்கி தடிமன். மெல்லிய கம்பியில் செய்த சின்னக் கொக்கியாக மாற்றுங்கள். பின்பக்க வளையத்தில், சின்ன நூல் துண்டில் ஒற்றைக் கொக்கியாகத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. லூர் ஐந்து ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஆறு பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் முனையில் ஓர் ஆள் உயரத்துக்கு ஆறு பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (லூரைக் கட்டும் முனை நரம்பு). ரீல் 2000, 2500 அளவு தாராளம். எனக்கு முதலில் ஒரு கடையில் 4000 ரீலைக் கட்டிவிட்டார்கள். அது இப்போது கராஜில் இருக்கிறது.

ஒன்று விட்டுப்போனது. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால் வைட்டிங் வரும், பார்க்கும், போய்விடும். லேசாகக் காற்றடித்து மேலே சிற்றலை எழும்பும் மத்தியானம்தான் வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஜூலையில் பாப்பர் போடுவதைவிட வீட்டில் தூங்கலாம்.

வைட்டிங்குக்கு என்ன நிற லூர்?
— வாசகர், டூங்காபி

உள்ளே வெளிச்சம் தெரிகிற, இறால் நிறத்தது. அது கிடைக்காவிட்டால் கையில் இருப்பது. நிறத்தைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் இன்னும் நாலு தடவை வீசலாம்.

பிளாட்ஹெட் எங்கே படுத்திருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மகனுக்கு ஒன்றாவது பிடித்துக் காட்ட வேண்டும்.
— வாசகர், கான்பெரா

கான்பெராவிலிருந்து கடலுக்கு வருகிறீர்கள் என்றால் மலை இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்ததும் தூண்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு, தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்தில் மகனோடு திட்டில் நடந்து பாருங்கள். தோசைக் கரண்டியைக் குப்புற வைத்து அமுக்கி எடுத்த மாதிரி மணலில் பள்ளங்கள் தெரியும். முன்பக்கம் அகலமான தலை, பின்னால் ஒடுங்கும் உடம்பு. அது பிளாட்ஹெட் படுத்த அச்சு. விளிம்பு மழுங்காமல் கூர்மையாக இருந்தால் போன ஏற்றத்தில் அங்கே படுத்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இன்னும் நாலைந்து இருக்கும். மகனை எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு மீனைவிட இந்தத் துப்பறியும் வேலை பிடிக்கும்.

இது துரத்துகிற மீனே இல்லை. மணலைப் போர்த்திக்கொண்டு, உச்சந்தலையில் இருக்கும் கண்ணை மட்டும் வெளியே வைத்து, சாப்பாடு தன் வாய்க்கு நேராக வரும்வரை காத்திருக்கும். அதனால் இதற்கு நேரம் வைட்டிங்குக்கு நேரெதிர்: தண்ணீர் வற்றும் கடைசி இரண்டு மணி. திட்டிலிருந்து தண்ணீர் ஓடைபோல வடிந்து ஆழத்தில் விழும் இடங்கள் இருக்கும். மேலே மேய்ந்த இறாலும் சின்ன மடவையும் அந்த வாய்க்கால் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். வாயில் காப்பவன் மாதிரி பிளாட்ஹெட் அங்கே கிடக்கும்.

மூன்று நான்கு அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக், எட்டில் ஒரு அவுன்ஸ் ஜிக் ஹெட் (எடைத் தலை வைத்த கொக்கி). ஓட்டம் பலமாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் எடை. ஓடை வரும் பக்கமாக மேலே வீசி, தண்ணீரோடு லூர் இறங்கி வரும்படி செய்யுங்கள். இரண்டு தட்டு மேலே, பிறகு மணலில் உட்காரும் வரை விடுங்கள். உட்கார்ந்ததா என்று நரம்பு தளர்வதில் தெரியும். பெரும்பாலும் விழும்போதுதான் ‘டொக்’ என்று ஒரு அடி விழும். லீடர் மட்டும் பத்துப் பன்னிரண்டு பவுண்டாக மாற்றிக்கொள்ளுங்கள், அதன் பல் அரம் மாதிரி. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாண் நரம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள். மீனின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல் கைவலைக்குள் நடத்திக்கொண்டு போங்கள். தலை மேலே வந்தால் உதறும், உதறினால் போச்சு.

செவுள் மூடிக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் முள் இருக்கிறது. மகன் தொடுவதற்கு முன் அதைக் காட்டுங்கள். ஈரத் துணியால் பிடிக்க வேண்டும். நான் அவசரத்தில் வெறும் கையால் பிடித்து, கட்டைவிரல் ஒரு வாரம் வெண்டைக்காய் பிடிக்கக்கூட உதவவில்லை.

என் கணவர் ஒன்பது வயது மகளையும் திட்டில் இறக்கிவிடுகிறார். திருக்கை இருக்கிறதாமே? எனக்கு பயமாக இருக்கிறது.
— வாசகி, வெண்ட்வொர்த்வில்

இருக்கிறது அம்மா, மறைக்கவில்லை. திருக்கையும் பிளாட்ஹெட் மாதிரி மணலுக்குள்தான் படுத்திருக்கும். மிதித்தால்தான் வால் முள் அடிக்கும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல், மணலில் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். அந்த அதிர்விலேயே எழுந்து போய்விடும். செருப்பு வேண்டாம், பழைய ஷூ. கண் கூசாமல் தண்ணீருக்குள் பார்க்கிற போலரைஸ்டு கண்ணாடி மகளுக்கும் ஒன்று.

காலில் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்தால் வலி இறங்கும். நல்ல காலில் முதலில் சூட்டைச் சோதித்துப் பாருங்கள், வெந்துவிடக் கூடாது. அப்புறம் ஆஸ்பத்திரி. முள் உள்ளே நின்றுவிட்டாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினாலோ பிடுங்காமல் உடனே 000 அழையுங்கள்.

திருக்கையைவிட எனக்கு பயம் முதுகுக்குப் பின்னால் ஏறும் தண்ணீர். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு பள்ளம் இருக்கும். நாம் மேட்டில் கணுக்கால் தண்ணீரில் நின்று மீனைப் பார்த்துக்கொண்டிருக்க, அது சத்தமில்லாமல் நிரம்பிவிடும். ஒருமுறை தொடை வரை என்று நினைத்து இறங்கினேன், நெஞ்சு வரை வந்தது. கார்ச் சாவி சட்டைப் பையில். உப்புத் தண்ணீர் குடித்த ரிமோட் சாவிக்கு நான் கொடுத்த பணத்தை இங்கே எழுதினால் என் வீட்டில் படித்துவிடுவார்கள். போகும்போதே பள்ளம் எங்கே என்று பார்த்துவைக்கச் சொல்லுங்கள். அது நிரம்ப ஆரம்பித்தால் மீன் கடித்தாலும் திரும்பிவிட வேண்டும். மகள் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் நிற்கட்டும்.

லேக் மக்குவாரியில் 78 சென்டிமீட்டர் பிளாட்ஹெட் பிடித்துத் திரும்ப விட்டுவிட்டேன். குடும்பத்துக்கே ஆகும் மீனை விட்டவன் என்று மச்சான் இன்னமும் சிரிக்கிறார்.
— வாசகர், நியூகாசில்

நியூ சவுத் வேல்ஸில் டஸ்கி பிளாட்ஹெட் 36 முதல் 70 சென்டிமீட்டர் வரை மட்டுமே வைத்துக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு ஐந்து. 78ஐ வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் மச்சானுக்கு அபராத ரசீதைக் காட்டியிருக்கலாம். குயின்ஸ்லாந்தில் 40 முதல் 75. இவ்வளவு பெரியது அநேகமாகப் பெண் மீன், வயிறு நிறைய முட்டை போடுவது. சுவைக்கும் ஐம்பது சென்டிமீட்டர் மீன்தான் மேல். சாண்ட் வைட்டிங் இங்கே 27 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, நாளைக்கு இருபது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். மீன்வளத் துறையின் ஃபிஷ்ஸ்மார்ட் ஆப்பைப் போகும் முன் ஒரு தடவை பாருங்கள், விதிகள் மாறும். மச்சான் தூண்டில் பிடிப்பவரானால், மீன்பிடிக் கட்டணம் கட்டியிருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

யாபி போட்டால் இரண்டு மடங்கு வைட்டிங் வருமே, இந்த லூர் எதற்கு?
— வாசகர், லிவர்பூல்

வரும். நான் மறுக்கவில்லை. பம்பை வைத்து மணலை உறிஞ்சி ஐம்பது யாபி எடுப்பதற்குள் என் இடுப்பு போய்விடுகிறது. அப்புறம், யாபி போட்டால் அந்த அம்பு தெரியாது.