செங்கல் கட்டிய பென்சில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி மனிதச் சிந்தனையை விரிவாக்கும் கருவி என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என் அனுபவம் நேர் எதிர். இருபது வருடமாகக் கணினியில்தான் வேலை. முன்பு மனதில் நின்ற பெயர்களும் எண்களும் இப்போது நிற்பதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினால் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் மின்னஞ்சலில் சுற்றுகின்றன. இதில் எது விரிந்தது? இதற்கென்று நல்ல மென்பொருள் இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘உண்மையான இறுதி’ என்னிடமும் இரண்டு இருக்கின்றன.

மறதியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. காகிதத்தில் கணக்குப் போடுகிறவர் மீதி இலக்கத்தை ஓரத்தில் குறித்துவிட்டு மேலே போகிறார். அதை யாரும் மறதி என்பதில்லை. வெளியே எழுதி வைத்ததை வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1962இல் எழுதிய ஆய்வறிக்கையில் ஒரு வேடிக்கையான சோதனை வரும். பென்சிலை ஒரு செங்கல்லோடு சேர்த்துக் கட்டி எழுதிப் பார்த்தார். சாதாரணமாக எழுதுவதைவிட மூன்று மடங்கு நேரம் பிடித்தது, கையெழுத்தும் கோணல்மாணல். உலகத்தில் எல்லாப் பென்சிலும் இப்படித்தான் என்றால் யார் உட்கார்ந்து எழுதி, அடித்து, திருத்தி எழுதுவார்கள்? அடித்துத் திருத்தாமல் நீண்ட யோசனை ஏது? கருவி கனத்தால் யோசனையும் சுருங்கும். அப்படியானால் கருவியை இன்னும் லேசாக்கினால் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி.

பதிலை 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரங்கில் செய்தே காட்டினார். ஒன்றரை மணி நேரம். அவர் மேடையில், சக ஊழியர் ஐம்பது கிலோமீட்டர் அளவு தள்ளி மென்லோ பார்க் ஆய்வகத்தில். இருவருக்கும் திரையில் ஒரே உரை, கூடவே முகமும் குரலும். அன்று காட்டியதில் மவுஸும் ஒன்று. நாம் அதை மட்டும் வாங்கிக்கொண்டோம். இடது கைக்கென்று ஐந்து கட்டைகள் கொண்ட ஒரு விசைப்பலகையும் வைத்திருந்தார். கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அமுக்கினால் எழுத்துகள் வரும். அதைப் பழக வேண்டும் என்பதால் ஆள் சேரவில்லை. கருவி, வேலை செய்யும் முறை, பயிற்சி மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் அறிக்கையில் மாறியது கருவி மட்டும். ஒருவர் எழுதி அனுப்ப, அடுத்தவர் திருத்தி அனுப்ப... இது தபால் வேலை. கணினி வந்ததால் வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

முறை மாறினால் என்ன ஆகும் என்று நானே ஒருநாள் பார்த்தேன். நண்பரும் நானும் ஒரே கோப்பைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தோம். அவருடைய சுட்டி என் பத்தியின் மூன்றாவது வரியில் வந்து நின்றது. நகரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அவர் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. நான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டிருந்தேன். தனியாக எழுதியிருந்தால் அது அச்சுக்கே போயிருக்கும்.

இதைப் பெரிய அளவில் செய்தவர் கணிதவியலாளர் டிமொதி கவர்ஸ். 2009இல் ஒரு கடினமான தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் தேட யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இணையத்தில் பொதுவாக அழைத்தார். 37 நாட்களில் 27 பேர், 800 பதிவுகள். நிரூபணம் கிடைத்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அவர் வைத்த விதி: தனியே போய்ப் பல நாள் யோசித்து முழுசாகக் கொண்டுவராதீர்கள்; அரைகுறையாகத் தோன்றியதையும் அப்படியே போடுங்கள். படித்தவர்களுக்கு இது எவ்வளவு கூச்சமான காரியம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மென்பொருள். எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தக்கூடியதாக, பழைய வடிவங்களைப் பத்திரமாக வைத்திருப்பதாக எது இருந்தாலும் போதும். அடுத்த அறிக்கையைக் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கே விடை தெரியாத ஐந்தாறு கேள்விகளை ஒரு கோப்பில் போட்டு எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். மேலதிகாரி பார்க்கிற கோப்பில் யார் அரைகுறையாக எழுதுவார்கள்? முதல் அரைகுறை வரியை அவரையே எழுதவைக்க முடியுமா, பாருங்கள்.