சிங்கப்பூரிலிருந்து யுபிஐயில் பணம்: எந்தக் கணக்கில் விழுகிறது என்பதைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். மாதா மாதம் பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நின்று, தஞ்சாவூர் பக்கம் இருக்கும் மனைவிக்கு அனுப்புகிறேன். கைபேசியிலேயே யுபிஐக்கு அனுப்பலாம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். ஊரில் உள்ள என் பழைய சேமிப்புக் கணக்கின் யுபிஐ ஐடியைப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. எங்கே தவறு? முழுச் சம்பளத்தையும் இதிலேயே அனுப்பலாமா? மலேசியாவில் இருக்கும் தம்பிக்கும் இப்படி அனுப்ப முடியுமா?

பதில்: நீங்கள் சொல்லும் வசதி, சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய இரண்டையும் நேரடியாக இணைக்கும் வழி. இரு நாட்டு மத்திய வங்கிகளும் சேர்ந்து 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கின. பணம் சில நொடிகளில் போய்ச் சேரும். ஆனால் எல்லா வங்கியிலிருந்தும் அனுப்ப முடியாது, எல்லா வங்கியிலும் பெறவும் முடியாது. பெரும்பாலானோருக்குத் தடங்கல் வருவது இதனால்தான்.

முதலில் உங்கள் பக்கம். சிங்கப்பூரில் இதில் சேர்ந்து தொடங்கியவை டிபிஎஸ் வங்கியும் லிக்விட் குரூப் என்ற நிறுவனமும்தான். டிபிஎஸ்ஸின் அங்கமான பிஓஎஸ்பி கணக்கும் சேர்த்தி. உங்கள் சம்பளம் வேறு வங்கியில் விழுந்தால், அந்த வங்கியின் செயலியில் இந்தியா என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. உச்சவரம்பு ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

இந்தியப் பக்கம் 2025 ஜூலையில் மேலும் 13 வங்கிகள் சேர்ந்து மொத்தம் 19 ஆயின. ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா, ஐசிஐசிஐ, ஆக்சிஸ், எச்டிஎஃப்சி, ஃபெடரல் எல்லாம் அதில் உண்டு. டெல்டா பகுதியில் பலரும் கணக்கு வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கி அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியும் இல்லை. பட்டியல் வளர்ந்துகொண்டே இருப்பதால் வங்கிக் கிளையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வங்கி பட்டியலில் இருந்தாலும், பெறுபவரின் செயலியில் வெளிநாட்டுப் பணம் பெறும் வசதியை இயக்கி வைத்திருக்க வேண்டும். உள்ளூரில் பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் அனுப்பும் ஐடி என்பதற்காக அது தானாகவே வெளிநாட்டுப் பணத்தையும் வாங்கிவிடாது. இந்த வசதிக்கென்று அறிவிக்கப்பட்டவை பீம், போன்பே, பேடிஎம் ஆகியவையும் சில வங்கிகளின் சொந்தச் செயலிகளும். வீட்டில் ஜிபே மட்டும் வைத்திருந்தால், அதே வங்கிக் கணக்கை பீம் செயலியில் இணைத்துப் புதிய ஐடி உருவாக்கி, அதில் வசதியை இயக்கி, அந்த ஐடியை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அப்படி இணைக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். யுபிஐ தொடங்க, வங்கியில் பதிவான கைபேசி எண்ணின் சிம் அந்தக் கைபேசியிலேயே இருக்க வேண்டும். கணவர் ஊரில் இருந்த காலத்தில் அவர் எண்ணையே மனைவியின் கணக்குக்கும் கொடுத்திருப்பார்கள். அவர் வெளிநாடு போனபின் ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண் செத்துப்போயிருக்கும். இதைத் தொலைபேசியில் சரிசெய்ய முடியாது. உங்கள் மனைவி ஆதார் அட்டையுடன் கிளைக்கே போய்த் தன் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும்.

போன கையோடு கேஒய்சி (வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு) முழுமையாக முடிந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடட்டும். ஆவணம் போதாமல் திறந்த ஜன்தன் கணக்குகள் பல ‘சிறு கணக்கு’ வகையிலேயே இருக்கின்றன. அந்த வகையில் ஓராண்டில் மொத்த வரவு 1 லட்சம் ரூபாயையும், எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. நீங்கள் ஒருமுறை 1,000 வெள்ளி அனுப்பினாலே இருப்பு வரம்பைத் தாண்டிவிடும்.

இப்போது உங்கள் பழைய சேமிப்புக் கணக்கு. உங்கள் கேள்வியிலேயே எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டவர், உள்நாட்டில் வசிப்பவருக்கான சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தக் கூடாது. வங்கியிடம் சொல்லி அதை, வெளிநாட்டில் வசிப்பவர் தன் உள்நாட்டு வரவுகளுக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. ஏடிஎம் அட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வருடக்கணக்கில் அதே கணக்கில் பணம் போடுவது ஊரெல்லாம் நடக்கிறது. என்றாவது வங்கி கேஒய்சியைப் புதுப்பிக்கக் கேட்கும்போது கணக்கு முடங்கி, வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்க முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

வீட்டுச் செலவுக்கான பணத்தை மனைவி பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற உறவினருக்குள் தரும் பணத்துக்கு, பெறுபவர் வரி கட்ட வேண்டியதில்லை. நண்பர் கணக்குக்கு அனுப்பிக் கைமாற்றினால், ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும்போது அது அவருடைய வருமானமாகிவிடும். மனைவிக்கு அனுப்பிய பணத்தை அவர் வைப்புநிதியில் போட்டால், அதன் வட்டி வருமான வரிக் கணக்கில் உங்கள் வருமானமாகவே சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேமிப்புக்கு வழி வேறு. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போட்டுவைப்பதற்கான என்ஆர்இ கணக்கை உங்கள் பெயரில் தொடங்கி, வழக்கமான வங்கிப் பரிமாற்றம் மூலம் அதில் போடுங்கள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகலாம். என்ஆர்ஓ கணக்கில் வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். முழுச் சம்பளத்தையும் பேநவ் வழியாக வீட்டுக் கணக்கில் கொட்டினால் இந்தப் பயனை இழப்பீர்கள். அவசர மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணத்தில் விழும் துண்டு, மாத மளிகை ஆகியவற்றுக்குத்தான் இந்த வழி பொருத்தம்.

அனுப்பும் முறை எளிது. செயலியில் பேநவ் பகுதியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் இந்தியாவைத் தெரிவு செய்து, பெறுபவரின் யுபிஐ ஐடியை அடியுங்கள். பெயரையும், எத்தனை ரூபாய் சேரும் என்பதையும் சரிபார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். முதல் தடவை 10 வெள்ளி அனுப்பி, வீட்டில் வந்துவிட்டது என்று சொன்னபின் மீதியை அனுப்புங்கள்.

கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். செலவு பெரும்பாலும் மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். வெள்ளிக்கு 30 காசு வித்தியாசம் என்றால் 1,000 வெள்ளிக்கு 300 ரூபாய். ஒரே நேரத்தில் இந்த வழி, வங்கியின் வழக்கமான பரிமாற்றம், நீங்கள் போகும் கடை மூன்றிலும், கட்டணம் போக ஊரில் எத்தனை ரூபாய் விழும் என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

உங்கள் கணக்கில் பணம் கழிந்து, அங்கே சேரவில்லையென்றால் மீண்டும் அனுப்பாதீர்கள். பரிமாற்றக் குறிப்பு எண்ணைத் திரைப்பிடிப்பு எடுத்து, முதலில் நீங்கள் அனுப்பிய வங்கியிடமே புகார் கொடுங்கள். வீட்டிலும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. “சிங்கப்பூர் பணம் வந்திருக்கிறது, பின் போடுங்கள்” என்று யாராவது அழைத்தால் அது மோசடி.

தம்பிக்கு அனுப்பும் வழி இதைவிட எளிது. பேநவ், தாய்லாந்தின் பிராம்ப்ட்பேயுடன் 2021 ஏப்ரலிலும், மலேசியாவின் டூயிட்நவுடன் 2023 நவம்பரிலும் இணைந்தது. டூயிட்நவில் பதிவான தம்பியின் கைபேசி எண் போதும். ஆனால் அவர் அங்கிருந்து ஊருக்கு அனுப்ப இந்த இணைப்பு உதவாது. ஒவ்வொரு இணைப்பும் இரண்டு நாடுகளுக்கு மட்டுமே, தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகக் கட்டப்பட்டது. ஐந்து நாடுகள் ஒன்றோடொன்று இப்படி இணைய 10 இணைப்புகள் தேவை. அதைத் தவிர்க்கத்தான் இந்தியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவை ‘நெக்ஸஸ்’ என்ற பொதுத் தளத்தில் சேர்ந்துள்ளன. இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஜூனில் கையெழுத்திட்டது. அதில் ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு இணைப்பைக் கட்டினால் மற்ற நான்கையும் எட்டலாம். அது நடைமுறைக்கு வரும்வரை உங்கள் தம்பி ஊருக்கு அனுப்ப வங்கியையோ உரிமம் பெற்ற பணப் பரிமாற்றக் கடையையோதான் நாட வேண்டும்.