தொடுவது தோலா, கையா? – கேள்வி பதில்

தொடு உணர்வும் உடல் ஒத்தியக்கமும்தான் (உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து அசைவது) என் ஆராய்ச்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் உளவியல் ஆராய்ச்சியாளர், டாக்டர் இல்லை.

கேள்வி: பைக்குள் கைவிட்டால் சாவி எது, சில்லறை எது என்று பார்க்காமலே தெரிகிறது. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் எதையாவது வைத்தால் மட்டும் திணறுகிறேன். ஏன் மேடம்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். பிஸ்கட் வெட்டுகிற அச்சுகளை வைத்து உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் இதைச் சோதித்து, 1962-ல் எழுதினார். அச்சை உள்ளங்கையில் அழுத்தியபோது ஏறக்குறைய பாதிதான் சரியாக வந்தது: 49 சதவீதம். விரலால் தடவிப் பார்க்க விட்டதும் 95. அதே அச்சுகள்தான், ஆனால் இப்போது கை தானாகத் தேடுகிறது.

அப்புறம் 1987-ல் சூசன் லெடர்மனும் ராபர்ட்டா கிளாட்ஸ்கியும், தேடுகிற கை என்னென்ன செய்கிறது என்று பிரித்துக் காட்டினார்கள். சொரசொரப்பு தெரிய வேண்டுமானால் தேய்க்கிறோம். கெட்டியா மெத்தா என்றால் அழுத்துகிறோம். எடைக்குத் தூக்கிப் பார்க்கிறோம், உருவத்துக்கு ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போகிறோம், சூட்டுக்கு மட்டும் கையைச் சும்மா வைத்திருக்கிறோம். மாம்பழத்தை அழுத்திப் பார்க்கிறவரும் புடவை முந்தானையை விரலிடுக்கில் தேய்க்கிறவரும் செய்வது இதைத்தான். உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்துவிட்டுக் கையை அசைக்காதே என்பது, கண்ணை உருட்டாமல் படி என்பது மாதிரி.

கேள்வி: ராத்திரியில் கை மரத்துப்போகிறது. என்ன மாத்திரை போடலாம்?

பதில்: டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. வீட்டுக்குள் நடக்கும்போது சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போகிறார். பிடித்துக்கொள்வதில்லை, சும்மா தொடுகிறார். வெறும் பயமா?

பதில்: பயமாகவே இருந்தாலும் அந்த விரல் வேலை செய்கிறது. 1994-ல் ஜெக்கா, லாக்னர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆட்களை ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை வைத்து நிற்கச் சொல்லி, ஒரு கம்பியை விரல்நுனியால் தொட வைத்தார்கள். அழுத்தம் 1 நியூட்டனைத் தாண்டக்கூடாது, அதாவது சுமார் 100 கிராம் எடை. அது உடம்பைத் தாங்காது. ஆனாலும் ஆட்டம் நன்றாகக் குறைந்தது. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, கால் தசை அதற்கேற்பச் சரிசெய்துகொள்கிறது. அம்மாவைத் தடுக்காதீர்கள். இதை வீட்டில் கண்ணை மூடிச் சோதிக்கிறவர்கள் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறார். இதுவும் தொடு உணர்வுதானே?

பதில்: ஆமாம், அதனால்தான் டாக்டரிடம் அனுப்புகிறேன். இந்த வாரமே பாதத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: ஒத்தியக்கம் என்றால் என்ன? எளிதாக ஓர் உதாரணம்?

பதில்: இரண்டு ஆட்காட்டி விரல்களையும் முன்னால் நீட்டி, கார் வைப்பர் போல ஒரே திசையில் ஆட்டுங்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் அவை தானாக மாறி, இரண்டும் சேர்ந்து உள்ளே, சேர்ந்து வெளியே என்று ஆடும். வேகத்தைக் குறைத்தாலும் பழையபடி திரும்பாது. ஸ்காட் கெல்சோ என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்தார், 1985-ல் ஹாக்கெனும் பன்ஸும் அவரோடு சேர்ந்து இந்த மாற்றத்துக்குச் சமன்பாடே எழுதினார்கள். 1990-ல் வந்த சோதனை இன்னும் அழகு. இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் காலை ஒருவர் பார்த்தபடி ஆளுக்கொரு காலை ஆட்டினார்கள். அங்கேயும் அதே தாவல்! இருவருக்கும் நடுவே நரம்பு கிடையாது, பார்வை மட்டும்தான்.

கேள்வி: மன்னிக்கவும் மேடம், தவறு. இருபது வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். எனக்கு மாறவில்லை.

பதில்: பயிற்சியால் புதிய ஒழுங்கைப் பழக முடியும், அதையும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் வேகத்தை உண்மையிலேயே கூட்டினீர்களா?

கேள்வி: எனக்கும் மாறவில்லை. என் பையனுக்கு உடனே மாறியது.

கேள்வி: மிருதங்கக்காரன்தான். இடப்பக்கத் தொப்பியில் ஒரு கை, வலப்பக்க வலந்தலையில் ஒரு கை, இரண்டும் வேறு வேறு வேலை. விரலாட்டத்தை வைத்து அதை அளக்கலாமா?

பதில்: மிருதங்கத்தை நான் அளக்கவில்லை ஐயா! மெட்ரோனோம், அதாவது சீராகத் தட்டுகிற தாளக் கருவி, போடுங்கள். முழங்கையை மேஜையில் வையுங்கள். வினாடிக்கு இரண்டு சுற்றைத் தாண்டுங்கள். முக்கியமாக, மாற வந்தால் எதிர்க்காதீர்கள், சோதனையில் சொல்கிற விதியே அதுதான். நீங்கள் பிடிவாதமாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பார்வையற்றவர்களுக்கு விரலுணர்வு அதிகமா?

பதில்: மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்கள். சில சோதனைகளில் கூர்மை அதிகம் என்று வந்திருக்கிறது. விரல்நுனி சிறியதாக இருந்தாலும் கூர்மை கூடும், அதை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: வர்மப் புள்ளிகள் பற்றி?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: பாதம் எரிகிறது...

பதில்: டாக்டர்.

கேள்வி: மிருதங்கக்காரன்தான் மறுபடியும். எதிர்க்காமல் ஆட்டினேன், மகள் செல்போனில் எடுத்தாள். மாறித்தான் இருக்கிறது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

பதில்: வீடியோவை மெதுவாக ஓட்டி, எத்தனையாவது தட்டில் என்று எண்ணிச் சொல்லுங்கள்.