வாழைப்பழத்தை விலக்கியவர் ஜூனை விலக்கவில்லை

கேள்வி: வரும் ஜூனில் நண்பர்கள் ஐவர் மீன்பிடிக்கப் போவதற்காக தென்கரை மிரிஸ்ஸவில் ஒரு படகை நாள் வாடகைக்குப் பேசியிருக்கிறோம். வாழைப்பழம் கொண்டுவந்தால் மீன் படாது என்று படகுக்காரர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். புறப்படும்போது எவரும் ‘எங்கே’ என்று கேட்டுவிடக் கூடாது என்கிறார் எங்கள் அம்மாயி. இவற்றை நம்பலாமா? போகுமுன் வேறென்ன தெரிந்திருக்க வேண்டும்?
வாசகர் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: வாழைப்பழத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது நம்முடைய மூடநம்பிக்கையே அல்ல. தேங்காயும் பழமும் வெற்றிலையும் இல்லாமல் நாம் எந்தக் காரியத்தைத் தொடங்கியிருக்கிறோம்? புது லொறிக்கும் அதுதான், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பூசைக்கும் அதுதான். அந்தப் பழத்தைக் கண்டு அஞ்சியவர்கள் மேல்நாட்டு மாலுமிகள். கரீபியன் தீவுகளிலிருந்து வாழைக்குலை ஏற்றிய கப்பல்கள் பழம் அழுகுமுன் கரைசேர வேண்டுமென்று விரைந்தோடியதால், பின்னால் இழுத்துவந்த தூண்டிலில் எதுவும் சிக்கவில்லை என்பது ஒரு விளக்கம்; குலைக்குள் ஒளிந்திருந்த சிலந்திகள் கடித்தன என்பது இன்னொன்று. உங்கள் படகுக்காரர் இதை வெளிநாட்டு விருந்தினரிடம் கற்றிருக்க வேண்டும். ஆக இதுவும் ஓர் இறக்குமதி; அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது சிவக்கும். தோட்டக் கூலிகளாக இங்கே இறக்கப்பட்டவர்களின் வழிவந்த மலையக வாசகர்களுக்கு ஏனென்று விளக்க வேண்டியதில்லை. துரைமார் 1880களில் நுவரெலியா நீரோடைகளுக்கு டிரவுட் மீனைக் கொண்டுவந்தார்கள், 1952இல் திலாப்பியா வந்தது. அவற்றையாவது குழம்பு வைக்கலாம். மூடநம்பிக்கையில் நாம் என்றோ தன்னிறைவு கண்டவர்கள். இந்த இதழில் ஒரு வாரம் இராசிபலனை நிறுத்திப் பார்த்தேன்; அதற்கு வந்த கண்டனக் கடிதங்கள், நான் எழுதிய தலையங்கங்கள் அனைத்துக்கும் வந்த கடிதங்களைவிட அதிகம். அந்த வாரத்துச் சோதனையை என் இராசிக்குரிய பலனில் எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அம்மாயியின் சகுனம் நம்முடையது. அதனால்தான் ‘எங்கே’ என்பதற்குப் பதிலாக ‘தூரமா?’ என்று கேட்கப் பழகியிருக்கிறோம். வீட்டு வாசலில் அவர் மனம் கோணாமல் நடந்துகொள்ளுங்கள். ஆனால் கடலுக்குப் போகிறவர் எங்கே போகிறார், எந்தப் படகில், எத்தனை பேருடன், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதெல்லாம் கரையிலிருக்கும் ஒருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தேட வேண்டிய நேரம் வந்தால் எங்கே தேடுவது என்று அவர்தான் சொல்ல முடியும்.

உண்மையில் என் கண்ணை உறுத்திய சொல் வாழைப்பழம் அல்ல, ஜூன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலையும் தெற்குக் கடலையும் கலக்கிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் உங்கள் லயத்துத் தகரத்தில் இரவெல்லாம் கொட்டும் மழையும், மிரிஸ்ஸவில் படகைத் தூக்கிப் போடும் அலையும் ஒரே காற்றின் வேலைதான். ‘புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக’ என்று தொடங்கும் வானொலி எச்சரிக்கையை மலையில் இருக்கும் நமக்கென்ன என்று இத்தனை காலம் கேட்டிருப்பீர்கள். இம்முறை அது உங்களுக்காகவே வாசிக்கப்படும். மிரிஸ்ஸதான் வேண்டுமென்றால் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள். ஜூனில்தான் விடுமுறை என்றால் திருகோணமலைப் பக்கம் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். அங்கும் முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்காமல் ஏற வேண்டாம். ஒரு பழத்தை இவ்வளவு கண்டிப்பாக விலக்கிய மனிதர் ஒரு பருவக்காற்றை விலக்க மறந்தது எப்படி என்பதை அவரிடமே கேளுங்கள்.

மற்றவை சில்லறை விடயங்கள், ஆனால் அனுபவித்தவருக்குத்தான் அருமை தெரியும். ஐவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கிகள் இருக்கின்றனவா என்று கரையிலேயே அணிந்து பாருங்கள். ஆசனத்தடியில் கட்டிவைத்திருக்கும் அங்கி எவரையும் காப்பாற்றியதில்லை. கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர் கடலிலும் எடுப்பார். அதற்கான மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே விழுங்க வேண்டும், குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் அதுவும் சேர்ந்தே வெளியே வரும். முந்தின இரவு கொத்துரொட்டியும் குடியும் வேண்டாம். குமட்டும்போது கைத்தொலைபேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள். நம் ஊர்க் குளிர் வெயிலுக்குப் பழகிய தோல் கடல் வெயிலைத் தாங்காது; தொப்பியும் நீளக்கைச் சட்டையும் அவசியம். கெலவல்லா என்னும் சூரை மீனோ பாரையோ பட்டால் அது உங்களுக்கா படகுக்கா என்பதை ஏறுமுன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பிடித்தவனுக்கே மீன் என்பது எல்லாப் படகிலும் வழக்கமில்லை.

வாழைப்பழத்தைக் கரையிலேயே தின்றுவிடுங்கள். கலங்கும் வயிற்றுக்கு அது இதமானது, படகும் அவருடையது. முற்பணம் கொடுத்திருந்தால் ஒன்றை மட்டும் இன்றே கேட்டுவிடுங்கள்: கடல் கொந்தளித்துப் பயணம் நின்றால் பணம் திரும்பி வருமா? வராது என்பாரானால், அன்று காலை கடல் எப்படி இருந்தாலும் உங்களை ஏற்றிக்கொண்டு போகவே அவர் பார்ப்பார்.