பக்கத்துப் பள்ளியில் மட்டும் இசை ஆசிரியர் எப்படி?

அமெரிக்க அரசுத் தொடக்கப் பள்ளிகள் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஒரே பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), ஒரு மைல் இடைவெளியில் இரண்டு தொடக்கப் பள்ளிகள். பக்கத்துப் பள்ளியில் இசைக்கும் ஓவியத்துக்கும் தனித்தனி ஆசிரியர்கள். எங்கள் பள்ளியில் ஒருவர்கூட இல்லை. பெற்றோர் சங்க வசூல்தான் காரணமா?

ப: கண்ணுக்குத் தெரியும் காரணம் அது. அதைவிடப் பெரிய வித்தியாசம் சம்பளப் பட்டியலில் ஒளிந்திருக்கலாம். பல மாவட்டங்கள் பள்ளிக்குப் பணமாக ஒதுக்குவதில்லை. இத்தனை மாணவருக்கு இத்தனை ஆசிரியர் என்று பணியிடமாக ஒதுக்குகின்றன. பட்ஜெட்டில் எல்லோருக்கும் மாவட்டத்தின் சராசரிச் சம்பளமே எழுதப்படும். ஆனால் அனுபவம் கூடிய ஆசிரியர்கள் வசதியான பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரு பள்ளியிலும் 20 ஆசிரியர்கள், ஒன்றில் சராசரிச் சம்பளம் 80,000 டாலர், மற்றதில் 60,000. ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் வித்தியாசம். பட்ஜெட்டிலோ இரண்டும் சமம்!

2015-ல் வந்த மத்தியக் கல்விச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பள்ளியும் மாணவர் ஒருவருக்குச் செய்யும் செலவை, உண்மையான சம்பளக் கணக்குடன் வெளியிட வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளியின் ‘ரிப்போர்ட் கார்டு’ பக்கத்தில் தேடுங்கள். மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள். மாநில, உள்ளூர் நிதியை மட்டும் ஒப்பிடுங்கள். மத்திய நிதியில் பெரும்பகுதி ஏழைக் குழந்தைகளுக்குக் கூடுதலாகத் தரப்படுவது. அதையும் சேர்த்தால் ஏழைப் பள்ளிக்குத்தான் அதிகம் கிடைக்கிறது என்ற பொய்த்தோற்றம் வந்துவிடும்.

கே: பக்கத்துப் பள்ளி வேறு மாவட்டத்தில் இருந்தால்?

ப: அப்போது, பள்ளிச் செலவுக்கு ஒவ்வொரு மாவட்டமும் தன் பகுதியில் திரட்டும் சொத்து வரியும் சேர்ந்துகொள்கிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1967-68 கணக்கு இது: ஏழ்மையான எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தார் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். மாணவருக்கு 26 டாலர்தான் தேறியது. வசதியான அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தாருக்கு வரி 85 சென்ட். கிடைத்ததோ 333 டாலர். கூடுதல் வரி கட்டியவர்களுக்கே குறைவு. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1973-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் எட்ஜ்வுட் பெற்றோர் தோற்றார்கள். அதன் பிறகு இத்தகைய போராட்டம் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களிலேயே நடக்கிறது.

கே: ஏழை மாணவர் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் ‘டைட்டில் 1’ நிதியை எங்கள் பள்ளி மயிரிழையில் தவறவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா?

ப: முடியும். மாவட்டம் பள்ளிகளை வறுமை விகிதப்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து கீழாக நிதி தரும். எங்கே பணம் தீர்கிறதோ அங்கே கோடு விழும். வறுமையை அளக்கப் பெரும்பாலும் இலவச, சலுகை விலை மதிய உணவுப் பட்டியல்தான் பயன்படுகிறது. தகுதியுள்ள பத்துக் குடும்பங்கள் கூச்சத்தாலோ பயத்தாலோ படிவம் கொடுக்காவிட்டால் பள்ளி கோட்டுக்குக் கீழே போய்விடலாம். படிவத்தில் குடியுரிமை கேட்பதில்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் ‘இல்லை’ என்று குறித்தால் போதும். பள்ளி திறந்த முதல் வாரங்களிலேயே, அவரவர் மொழியில் விளக்கி நிரப்ப உதவுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச உணவு தரும் பள்ளியானால் இந்தப் படிவம் இருக்காது. மாற்றாக வேறு வருமானப் படிவம் உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: பெற்றோர் சங்க நிதியைப் பள்ளிகளுக்குள் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் ஏற்பார்களா?

ப: எதிர்ப்பு வரும். எந்த வடிவில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அதன் கடுமை. ஓரிகனின் போர்ட்லண்டில் நெடுநாள் இருந்த விதி: ஆசிரியர் பணியிடத்துக்காகத் திரட்டும் தொகையில் முதல் 10,000 டாலர் பள்ளிக்கே, அதற்கு மேல் வருவதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்கு. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா - மாலிபு மாவட்டம் 2011-ல், பணியிடங்களுக்கான வசூலை முழுதாக ஒரே பொது நிதிக்கு மாற்ற முடிவெடுத்தது. மாலிபு பெற்றோரிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பியது.

எங்கள் யோசனை: பொருள் வாங்குவதைச் சங்கங்களிடமே விட்டுவிட்டு, சம்பளத்துக்கான பணத்தை மட்டும் பொதுவாக்கச் சொல்லுங்கள். விதி எழுதும்போது ‘பெற்றோர் சங்கம்’ என்று மட்டும் எழுதினால் தனி அறக்கட்டளை தொடங்கித் தப்பித்துவிடுவார்கள். ‘பள்ளிக்கு வரும் எந்த நன்கொடையும்’ என்று எழுத வேண்டும். பல மாவட்டங்களில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஜூனில் போய்க் கேட்டால் காலம் கடந்திருக்கும். குளிர்காலத்திலேயே, வரைவு தயாராகும் முன், பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசுங்கள். பேச இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். இரு பள்ளிகளின் சம்பளக் கணக்கை ஒரே தாளில் எழுதி, உறுப்பினர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.