நல்லபடி குடியிருக்கிறவர்களுக்கு வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: உவர்மலையில் எங்கள் வீட்டின் பின்பகுதியை மூன்று வருடமாக ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். அம்பாறைப் பக்கத்தால் வந்தவர்கள். தம்பிக்கு மாகாண சபைத் திணைக்களம் ஒன்றில் வேலை, மனைவி ஆசிரியை, இரண்டு சின்னப் பிள்ளைகள். வாடகை 40,000 ரூபாய். ஒரு மாதமும் 5ஆம் திகதியைத் தாண்டியதில்லை. போன மாரியில் நாங்கள் கொழும்பில் நின்ற நேரம் பீலி அடைத்து, தண்ணீர் எங்கள் பக்கச் சுவரில் இறங்கிவிட்டது. தம்பியே ஏணி வைத்து ஏறித் துப்புரவாக்கிவிட்டுப் படமும் அனுப்பினார். இவர்களுக்கு ஏதாவது செய்ய எனக்கு விருப்பம். வாடகையில் 2,000 குறைப்போம் என்றேன். "ஒருக்கால் குறைத்தால் பிறகு ஏற்ற ஏலாது" என்கிறார் கணவர். தீபாவளிக்கு உடுப்பு எடுத்துக் கொடுங்கள் என்கிறாள் கனடாவில் இருக்கும் மகள். ஆறு மாத முற்பணம் எங்களிடம் இருக்கிறது. மேல்மாடியில் வங்கியில் வேலை செய்யும் இன்னொரு பிள்ளையும் வாடகைக்கு இருக்கிறார். எது முறை?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருகோணமலை

பதில்: அன்புள்ள அம்மா, கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, உங்கள் விருப்பமும் சரியானது. வாடகைத் தொகையில் கை வைக்காமலே இரண்டையும் நிறைவேற்றலாம்.

மாதம் 2,000 குறைத்தால் வருடத்துக்கு 24,000. பெரிய தொகைதான். ஆனால் இரண்டாவது மாதத்திலேயே அது பழகிப்போய்விடும். பற்றுச்சீட்டில் 38,000 என்று தொடர்ந்து எழுதிவந்தால் அதுவே உங்கள் வீட்டின் வாடகை ஆகிவிடும். பிறகு 40,000க்குத் திரும்பும் நாளில், கொடுத்ததையே திரும்பக் கேட்பதுபோல அவர்களுக்குப் படும். அதைவிட, வாடகையை ஏற்றாமல் வைத்திருப்பதை வாயால் சொல்லுங்கள், எழுத்திலும் வையுங்கள். இதே மாதிரி வீட்டுக்கு உங்கள் தெருவில் இப்போது 45,000 போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் 40,000இலேயே நிறுத்தினால் நீங்கள் கொடுப்பது 120,000 ரூபாய். பல வீட்டுக்காரர் இதைச் செய்தும் ஒரு சொல் சொல்வதில்லை. அதனால் குடியிருக்கிறவர், எந்த மாதம் ஏற்றுவார்களோ என்ற பயத்திலேயே வேறு வீடு பார்க்கத் தொடங்குகிறார். வீடு ஒரு மாதம் வெறுமனே கிடந்தால் 40,000 போய்விடும். அதற்கு மேல் பெயின்ட் செலவு, தரகர் காசு, வரப்போகிறவர் எப்படியோ என்ற யோசனை.

எழுத்தில் வைப்பதென்றால் நொத்தாரிசிடம் போங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வீட்டில் வைத்து இரண்டு பேரும் கையொப்பமிட்ட தாள், இரண்டு வருட வாக்குறுதியைத் தாங்காது. புது ஒப்பந்தத்தில் வாடகை, காலம், கால முடிவில் எவ்வளவு ஏறும் என்பவற்றைச் சேருங்கள். இடையில் விட்டுப் போவதானால் எத்தனை மாத அறிவித்தல் என்பதும் அதில் இருக்கட்டும். நொத்தாரிசுச் செலவு முழுவதையும் நீங்களே ஏற்றுக்கொண்டால் அதுவும் ஒரு மரியாதைதான்.

காசாகவே ஏதாவது கொடுக்க விரும்பினால் வருடத்துக்கு ஒரு தடவை கழிவு கொடுக்கலாம். பற்றுச்சீட்டில் இப்படி எழுதுங்கள்: "டிசம்பர் வாடகை 40,000. இந்த மாதத்துக்கு மட்டும் அன்பளிப்புக் கழிவு 10,000. பெற்றது 30,000. பாக்கி இல்லை." கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடக் கூடாது. அவை இல்லாவிட்டால் நாளைக்குக் கணக்குப் பார்ப்பவர் யாராயிருந்தாலும் 10,000 நிலுவை என்றே எண்ணுவார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து கணக்குப் பார்க்கும் வீடுகளில் இதனால் வீண் மனக்கசப்பு வந்துவிடும்.

இனி முற்பணம். உங்களிடம் இருக்கும் 240,000 அவர்களுடைய காசு. புது வீட்டுக்கு வருகிறவர் யாரென்று தெரியாத நேரத்தில் ஆறு மாதம் வாங்கியது சரி. மூன்று வருடத்தில் யாரென்று தெரிந்துவிட்டதே! இரண்டு மாதத் தொகையான 80,000ஐத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் வருமானத்தில் ஒரு சதமும் குறையாது, அவர்கள் கையிலோ ஒரு பெரிய தொகை சேரும். "உங்களை நம்புகிறோம்" என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காசு வீட்டு வேலையில் செலவாகிப் போயிருந்தால் 40,000 வீதம் இரண்டு தடவையாகக் கொடுங்கள். மீதி 160,000 மின்சார பில், தண்ணீர் பில், உடைவு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். பழைய ஒப்பந்தத்தின் முற்பணப் பகுதியும் இதற்கேற்ப மாற வேண்டும். நொத்தாரிசிடம் போகும் நாளிலேயே இதையும் செய்துவிட்டால் இரட்டை அலைச்சல் இல்லை.

காசை விடவும் நாங்கள் வற்புறுத்துவது வீட்டைத் திருத்திக் கொடுப்பதைத்தான். குடியிருக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஜன்னல் கம்பியையும் வயரிங்கையும் தன் செலவில் மாற்றமாட்டார், மாற்றவும் கூடாது. நல்லவர்கள் முறைப்பாடு சொல்லவும் கூச்சப்படுவார்கள். "ஏதும் குறை இருக்கா?" என்று கேட்டால் "இல்லை அன்ரி" என்றுதான் பதில் வரும். "இது உங்கட சொந்த வீடாக இருந்தால் முதலில் எதைத் திருத்துவீர்கள்?" என்று கேளுங்கள். மனைவியிடமும் தனியாகக் கேளுங்கள். சமையலறையும் குளியலறையும் அவருக்குத்தான் கூடத் தெரியும். 30,000 ரூபாய்க்குள் என்று ஒரு வரம்பையும் சொல்லிவிட்டால் அவர்களுக்குத் தெரிவுசெய்வது சுலபம்.

திருகோணமலை வீடுகளில் பெரும்பாலும் வரக்கூடியவை இவை.

உப்புக்காற்றில் இரும்புக் கம்பியும் கேற்றும் துருப்பிடிப்பது முதலாவது. ஆட்கள் துருவைச் சுரண்டிவிட்டு நேரே பெயின்ட் அடிப்பார்கள், அடுத்த வருடமே கொப்புளித்துவிடும். காரணம், கம்பியில் ஒட்டியிருக்கும் உப்பு பெயின்ட்டுக்கு உள்ளேயே அகப்பட்டு ஈரத்தை இழுப்பது. முதலில் கம்பித் தூரிகையால் துருவை உதிர்த்து, நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்க வேண்டும். கழுவுவதற்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரே நல்லது. முழுதாகக் காய்ந்ததும் எமரித் தாளால் தேய்த்து, அன்றைக்கே துருத்தடுப்பு பிரைமர் பூசுங்கள். ஒரு இரவு விட்டால் திரும்பவும் துரு படிந்துவிடும். பிரைமர் காய்ந்தபின் எனாமல் இரண்டு பூச்சு. கம்பி சுவருக்குள் போகும் அடிப்பகுதியையும் வெல்டிங் மூட்டுகளையும் விடாமல் பூசச் சொல்லுங்கள், துரு தொடங்குவது அங்கேதான். இந்த வேலைக்குக் கச்சான் வீசும் வரண்ட மாதங்களே ஏற்றவை. பிணைச்சல், ஆணி எதை மாற்றினாலும் துருப்பிடிக்காத எஃகாக வாங்குங்கள்.

அடுத்தது நுளம்பு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், டெங்கு வரும் ஊரில், ஜன்னலுக்கு வலை அடித்துக் கொடுப்பதைவிடப் பெரிய பரிசு கிடையாது. இரும்பு வலை இங்கே நிலைக்காது, ஃபைபர் வலை போடுங்கள். கழற்றிக் கழுவக்கூடிய சட்டமாகச் செய்விப்பது முக்கியம். நேரே ஜன்னலில் அடித்தால் தூசி அடைத்துக் காற்று நின்றுவிடும், பிறகு அவர்களே வெட்டி எடுத்துவிடுவார்கள்.

தண்ணீர்த் தாங்கியைக் கழுவிக் கொடுப்பதற்குச் செலவு குறைவு, அதன் பயனோ பெரியது. தாங்கியை வெறுமையாக்கி உட்புறத்தைத் தேய்த்து, அடி மண்டியை அள்ளி எடுங்கள். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, 1,000 லீற்றருக்கு 5 சதவீதக் குளோரின் திரவம் ஒரு லீற்றர் வீதம் கலக்க வேண்டும். வாசனை சேர்த்த திரவம் வேண்டாம். வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குளோரின் மணம் வந்ததும் பூட்டிவிடுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, முழுவதையும் வெளியேற்றி, திரும்பவும் நிரப்பினால் சரி. வெளியேற்றும் தண்ணீர் மரஞ்செடிக்கோ கிணற்றடிக்கோ போகக் கூடாது. அந்த 24 மணித்தியாலமும் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீரைப் பாவிக்கக் கூடாது. ஆகவே முதல் நாளே சொல்லி, வாளிகளிலும் பானைகளிலும் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

மின்சாரத்தில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் அந்தக் கிழமையே மாற்றுங்கள். இது நன்றிக் கணக்கில் சேராது, வீட்டுக்காரரின் கடமை.

பீலி விஷயத்தில் ஒரு சொல். தம்பி ஏறியது அவருடைய நல்ல மனம், ஆனால் இனி ஏறவேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். நனைந்த சுவரும் ஏணியும் பக்கத்தில் மின்கம்பியுமாக இருக்கும் இடத்தில் விழுந்தால் நன்றி சொல்லியும் பயனில்லை. செப்டெம்பர் கடைசியில் ஒரு தடவை, டிசம்பர் நடுவில் மழை விட்டிருக்கும் நாள் பார்த்து ஒரு தடவை, கூலிக்கு ஆள் வைத்துத் துப்புரவாக்குங்கள். பீலிக்கு 10 அடிக்கு அரை அங்குலமாவது சரிவு இருக்கிறதா, இறங்கு குழாயின் வாயில் சருகு தடுக்கும் வலை இருக்கிறதா என்றும் அந்த ஆளையே பார்க்கச் சொல்லலாம்.

இனி மகள் சொன்ன அன்பளிப்பு. கொடுங்கள், சிறியதாக, 3,000 முதல் 5,000க்குள். அதற்கு மேல் போனால் வாங்குகிறவருக்கு அது பாரம். திருப்பி எதைக் கொடுப்பது என்று யோசிக்க வைத்துவிடும். உடுப்பை விடுங்கள், அளவும் விருப்பமும் தெரியாமல் எடுத்தால் பெட்டிக்குள்தான் கிடக்கும். தீபாவளிக்குப் பலகாரம் கொடுப்பதானால், சாமிக்குப் படைப்பதற்கு முன் அவர்களுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். படைத்ததைப் பல முஸ்லிம் குடும்பங்கள் உண்பதில்லை, முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள். பொங்கலுக்கும் இதே முறைதான். கடையில் வாங்கும் கேக்கிலும் ஜெலியிலும் கவனம் வேண்டும். நத்தார் கேக்கில் பிராந்தி சேர்ப்பது வழக்கம், ஜெலற்றின் எதிலிருந்து எடுத்தது என்பதும் தெரியவேண்டும். ஹலால் முத்திரை உள்ளதை வாங்கினால் யோசனை இல்லை. அவர்களுடைய பெருநாளை நினைவு வைத்துச் செய்வது இன்னும் அழகு. நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் வரும், கலண்டரைப் பாருங்கள். நோன்பு தொடங்கும் கிழமையில் ஒரு பெட்டி நல்ல பேரீச்சம்பழமும் பழங்களும் போதும். நோன்பு திறப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே, வாசலில் வைத்தே கொடுத்துவிட்டு வாருங்கள். அது சமையலறையில் கை ஓயாத நேரம்.

அன்பளிப்போடு உள்ளே போய்ச் சுவர், குளியலறை என்று பார்வையிடுவது மட்டும் கூடவே கூடாது. கொடுக்கப் போகும் நாள் வேறு, வீட்டைப் பார்க்கப் போகும் நாள் வேறாக இருக்கட்டும். இரண்டுக்கும் முன்கூட்டியே வட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்பளிப்போடு நாலு வரி எழுதிக் கொடுங்கள். "நல்ல ஆட்கள்" என்ற பொதுச்சொல் வேண்டாம், செய்ததைச் சொல்லுங்கள். இப்படி: "தம்பிக்கும் பிள்ளைக்கும், நாங்கள் கொழும்பில் நின்றபோது பீலியைத் துப்புரவாக்கி எங்கள் சுவரைக் காப்பாற்றினீர்கள். மூன்று வருடமாக வாடகைக்கு ஒருநாளும் நாங்கள் நினைவூட்ட வேண்டி வரவில்லை. முற்றத்தை உங்கள் முற்றம்போல வைத்திருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி." இதில் புது வேண்டுகோள் எதையும் சேர்க்காதீர்கள். "இனியும் இப்படியே இருங்கள்" என்ற ஒரு வரி வந்தாலே அது நிபந்தனை ஆகிவிடும்.

தம்பி அரச உத்தியோகத்தர் என்பதையும் கவனிக்க வேண்டும். உங்கள் காணி, கட்டட அனுமதி, ஓய்வூதியம் என்று ஏதாவது கோப்பு அவருடைய திணைக்களத்தில் இருந்தால், அது முடியும்வரை வாடகைக் கழிவோ அன்பளிப்போ கொடுக்க வேண்டாம். நீங்கள் நல்ல மனத்தோடு கொடுத்தது, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கண்ணுக்கு வேறாகத் தெரியக்கூடும், அதனால் சங்கடப்படப் போகிறவர் அவர். வீட்டுத் திருத்தத்தையும் நன்றிக் கடிதத்தையும் தள்ளிப்போடத் தேவையில்லை.

மேல்மாடிப் பிள்ளைக்கு இந்தக் கழிவு எப்படியும் தெரியவரும். காசு சம்பந்தப்பட்டதை இரண்டு பேருக்கும் பொதுவான விதியாக்குங்கள்: 12 மாதமும் 5ஆம் திகதிக்குள் வாடகை கட்டியவருக்கு வருடக் கடைசியில் கால் மாதக் கழிவு. உங்கள் 40,000க்கு அந்த 10,000 சரியாக வருகிறது. மேலே இருப்பவர் பிந்திக் கட்டுகிறவராக இருந்தால், என்ன செய்தால் தனக்கும் கிடைக்கும் என்பது அவருக்கும் விளங்கும். முற்பணத்தைத் திருப்புவதும் கடிதமும் அந்தந்தக் குடும்பத்தோடு நிற்கட்டும்.

கணவன், மனைவி இருவரும் அரச வேலையில் இருப்பதால் இடமாற்றம் எப்போதும் வரலாம். வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாந் திகதியிலிருந்து நடைமுறைக்கு வருவதால், அக்டோபரிலேயே ஒருதரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போவதென்று முடிவானால், புது ஊரில் வீடு தேட உதவும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். எந்தத் திகதியிலிருந்து எதுவரை இருந்தார்கள், வாடகை எப்படிக் கட்டினார்கள், வீட்டை எந்த நிலையில் ஒப்படைத்தார்கள் என்ற மூன்றோடு உங்கள் தொலைபேசி இலக்கமும் அதில் இருக்க வேண்டும். வேறு சமூகத்தவருக்கு வீடு கொடுக்கத் தயங்கும் தெருக்களில், ஒரு தமிழ் வீட்டுக்கார அம்மாவின் கையெழுத்து அவர்களுக்கு நிறைய உதவும். சாமான் ஏற்றும் நாளில் மின்மானியையும் தண்ணீர் மானியையும் இருவருமாகப் படம் எடுத்து, கடைசி பில்லுக்கு ஒரு தொகையைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, மிச்ச முற்பணத்தை லொறி புறப்படுவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள்.